தொட்டி மீனுக்கும் வெயில் சுடும்!



வெயில் வந்துவிட்டது. வீட்டில் மோர் கரைத்து வைத்திருப்பார்கள். தெருமுனையில் நுங்கும் வெள்ளரிப் பிஞ்சும் தர்பூசணியும் வந்திருக்கும். புழுக்கம் தாங்கவில்லை என்றால் நீங்கள் ஃபேனுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வீர்கள். நாய் நிழலைத் தேடிப் போகும். எருமை குட்டையில் இறங்கிவிடும். காக்கை குழாயடிக்கு வந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கும்.

உங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நீந்துகிறதே மீன், அது எங்கே போகும்? குளத்து மீனாக இருந்தால் ஆழத்துக்குப் போய்விடும். அங்கே தண்ணீர் மேல்மட்டத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். ஓரடி உயரத் தொட்டியில் ஆழத்துக்கு எங்கே போவது?

அதற்கு ஒரே வழி நீங்கள்தான்! அதனால்தான் இன்றைக்கு இதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

பசிக்கிறதா தாத்தா?

போன வருடம் அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நேரம். நண்பகல் 12 மணி. சென்னையில் ஆறாம் வகுப்புப் படிக்கிற என் பேத்தி போன் செய்தாள்.

“தாத்தா, என் மீனெல்லாம் மேலேயே வந்து நிக்குது. வாயைத் திறந்து திறந்து மூடுது. பசிக்குதா? தீனி போடட்டுமா?”

“போடாதே கண்ணு!” என்று அவசரமாகச் சொன்னேன். “அது பசி இல்லை. மூச்சு முட்டுகிறது!”

தண்ணீரிலேயே பிறந்து, தண்ணீரிலேயே வாழும் மீனுக்கு மூச்சு முட்டுமா? முட்டும். எப்படி என்று சொல்கிறேன்.

நமக்கு வேண்டிய பிராணவாயுவை நாம் காற்றிலிருந்து எடுக்கிறோம். 1 லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. மீனோ தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத் தன் செவுள்களால் எடுக்கிறது. 20 டிகிரி செல்சியஸ் சூட்டில் 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். நம்முடைய 270 எங்கே, மீனின் 9 எங்கே!

அந்த ஒன்பதும் வெயிலில் குறையும். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்த வாயு வெளியே போய்விடும். ஜில்லென்ற சோடாவை உடைத்தால் குமிழி மெதுவாக வரும். வெயிலில் கிடந்த சோடாவை உடைத்தால் ‘புஸ்’ என்று பொங்கிவிடும், பார்த்திருக்கிறீர்கள்தானே? அதே கதைதான். 30 டிகிரியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளும் பிராணவாயு சுமார் ஏழரை மில்லிகிராம்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் உடம்பு வெயிலானாலும் மழையானாலும் 37 டிகிரியிலேயே இருக்கும். மீன் அப்படி இல்லை. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு சூடுதான் அதன் உடம்பும். தண்ணீர் சூடானால் அதன் உடம்பு வேகமாக வேலை செய்யும். அதற்கு அதிகப் பிராணவாயு வேண்டும்.

ஆக, வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. அதனால்தான் மீன், காற்று தொடுகிற மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கிறது.

இது தெரியுமா?

மேலே வருகிற எல்லா மீனும் தவிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபைட்டர் மீன், கௌராமி, நம் ஊர்ப் பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்குக் காற்றையே சுவாசிக்க ஒரு தனி உறுப்பு உண்டு. அவை எப்போதுமே மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். தங்கமீனும் குப்பியும் மேலேயே நின்று மூச்சு வாங்கினால்தான் ஆபத்து.

ஐஸ் போட்ட ஆசிரியர்

“ஃப்ரீசர்ல ஐஸ் இருக்கு தாத்தா. எடுத்துப் போடட்டுமா?” என்று அடுத்ததாகக் கேட்டாள் பேத்தி.

எனக்குச் சுரீர் என்றது. முப்பது வருடத்துக்கு முன் நடந்தது ஒன்று ஞாபகம் வந்தது. இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

வேலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியராக இருந்தேன். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, வகுப்பில் 20 லிட்டர் தொட்டி ஒன்று வைத்திருந்தோம். நான்கு தங்கமீன்கள். தினம் ஒருவர் முறை போட்டுத் தீனி போடுவார்கள்.

ஏப்ரல் மாதம். வேலூர் வெயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்! ஒருநாள் மதியம் மீன்களெல்லாம் மேலே வந்து நின்றன. “சார், சார், ஏதாவது செய்யுங்க சார்!” என்று பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் ஒரு பையனை அனுப்பி, கடையிலிருந்து 2 கிலோ ஐஸ் வாங்கி வரச் சொல்லி, உடைத்து அப்படியே தொட்டியில் கொட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மணியடித்துப் போகும்போது இரண்டு மீன்கள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. மறுநாள் காலையில் மூன்று மீன்கள் செத்து மிதந்தன.

முதல் பெஞ்சு மாணவி ஒருத்தி என்னையே பார்த்தாள். “ஐஸ் போட்டதாலயா சார்?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, வெயில்தான் காரணம்” என்றேன்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அன்று தண்ணீர் 33 டிகிரி இருந்திருக்கும். 20 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ ஐஸ் கரைந்தால் அது 23 டிகிரிக்கு வந்துவிடும். தங்கமீன் குளிர்ச்சியான நீரை விரும்புகிற மீன். 23 டிகிரி அதற்கு ரொம்பப் பிடித்த சூடுதான். ஆனால், கொஞ்ச நேரத்தில் 10 டிகிரி இறங்கினால் எந்த மீனும் தாங்காது. வெயிலில் ஓடி வந்தவனை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் தள்ளிவிட்டது போல! குளிர்ச்சி தவறில்லை. குளிர வைத்த வேகம்தான் தவறு.

ஆகவே, முதல் பாடம் இது: தொட்டித் தண்ணீரை மெதுவாகத்தான் குளிரவைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் குறையக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பானை சொல்லும் பாடம்

ஐஸ் வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது? உங்கள் வீட்டு மண்பானையைக் கேளுங்கள், அது சொல்லும்!

பானைக்கு கரண்ட் கிடையாது. ஆனாலும் அதில் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. பானையின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து, ஆவியாகிப் போகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொண்டு போகிறது. பானை குளிர்ந்துவிடுகிறது. வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் சில்லென்று இருப்பதும் இதனால்தான்.

எவ்வளவு வெப்பத்தை எடுக்கும்? கணக்கில் கெட்டிக்காரர்கள் கவனியுங்கள். 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1 கலோரி வெப்பம் வேண்டும். 1 கிராம் ஐஸ் கரையும்போது எடுக்கிற வெப்பம் 80 கலோரி. 1 கிராம் தண்ணீர் ஆவியாகும்போது எடுக்கிற வெப்பம் எவ்வளவு தெரியுமா? சுமார் 580 கலோரி!

உங்கள் தொட்டியில் 50 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை லிட்டர் ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டால், ஐஸ் முழுதும் கரைந்து தொட்டிச் சூட்டுக்கு வருவதற்குள் 1 டிகிரியை ஒட்டித்தான் குறையும். அதே அரை லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால், கிட்டத்தட்ட 6 டிகிரி குறைக்கிற வெப்பத்தைச் சுமந்துகொண்டு போகும். ஐஸைப் பானை தோற்கடித்துவிட்டது, பார்த்தீர்களா!

ஆனால், தொட்டி குளிர்ந்துகொண்டிருக்கும்போதே அறையின் சூடு அதற்குள் நுழைந்துகொண்டும் இருக்கும். அதனால் 6 டிகிரி முழுதாகக் குறையாது. 2 அல்லது 3 டிகிரி குறையும். அதுவே மீனுக்கு உயிர் காக்கும் வித்தியாசம்.

வேலூர், திருச்சி போன்ற ஊர்களில் காற்று காய்ந்திருக்கும். தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். அங்கே சற்று மெதுவாகத்தான் ஆவியாகும். பலன் இருக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

என்னென்ன செய்யலாம்?

1. மூடியை எடுத்துவிடுங்கள். மூடி இருந்தால் ஆவி வெளியே போகாது. மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க, கொசுவலைத் துணியைக் கட்டுங்கள்.

2. விளக்கை அணையுங்கள். தொட்டி விளக்கும் ஒரு குட்டிச் சூரியன்தான். மாலையில் சற்று நேரம் போட்டால் போதும்.

3. டேபிள் ஃபேனைத் தள்ளி வைத்து, காற்று தண்ணீரின் மேல்மட்டத்தில் சாய்வாகப் படும்படி திருப்புங்கள். ஃபேன் தவறித் தண்ணீரில் விழாத இடமாக இருக்க வேண்டும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடவே கூடாது! தொட்டிக்குப் போகிற ஒயர், பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கட்டும். அப்போதுதான் ஒயரில் வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

4. ஏர் மோட்டாரை நிறுத்தாதீர்கள். குமிழிகள் மேலே வந்து தண்ணீரைக் கலக்கிவிடும். கலங்குகிற மேல்மட்டம்தான் காற்றிலிருந்து பிராணவாயுவை வாங்கும் வாசல்.

5. தீனியைப் பாதியாகக் குறையுங்கள். மீதித் தீனி அழுகும். அழுகுவதற்கும் பிராணவாயு செலவாகும்.

6. குறைந்த தண்ணீரை நிரப்பும்போது மொட்டை மாடித் தொட்டியின் நண்பகல் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். அது கை வைக்க முடியாமல் சுடும்! முதல் நாள் இரவே வாளியில் பிடித்து, வீட்டுக்குள் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் கலந்த குளோரினும் அதற்குள் பெருமளவு போயிருக்கும்.

7. ஜன்னல் வெயில் படுகிற இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள்.

8. மீன் கடையில் கேட்டால் தொட்டி வெப்பமானி கொடுப்பார்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் இருக்கிற காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அதில் 35 டிகிரிக்குக் கீழே அளவே இருக்காது.

கரண்ட் போய்விட்டால்? கவலைப்படாதீர்கள். ஒரு குவளையை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மெதுவாகத் திரும்ப ஊற்றுங்கள். டீக்கடைக்காரர் டீ ஆற்றுவது போல! ஐந்து நிமிடம் செய்துவிட்டு, சற்று ஓய்வெடுத்து, மறுபடி செய்யுங்கள். உங்கள் கையே ஏர் மோட்டார்!

என் பேத்தியின் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லவில்லையே! சத்தம் போடுகிறது என்று மதியத் தூக்கத்துக்காக ஏர் மோட்டாரை அணைத்து வைத்திருந்தார்கள். அதை முதலில் போடச் சொன்னேன். மூடியை எடுத்து, விளக்கை அணைத்து, ஃபேனைத் திருப்பினார்கள். அப்போது 34 டிகிரி. இரவு 7 மணிக்கு 31 டிகிரி. ஒரு மீன்கூடச் சாகவில்லை!

உப்புத் தண்ணீர்த் தொட்டி

இதுவரை சொன்னது நல்ல தண்ணீர் மீன்களுக்கு. சிலர் வீட்டில் கடல் மீனும் வளர்க்கிறார்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைக் கார்ட்டூன் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்கு 24 முதல் 27 டிகிரி வரை இருந்தால் சௌகரியம். உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீரைவிடக் குறைவாகத்தான் பிராணவாயுவைப் பிடிக்கும். ஆகவே, அங்கே கவனம் இன்னும் அதிகம் வேண்டும்.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி. கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அப்படிப்பட்ட தொட்டிக்கு ஃபேன் வைத்ததில் 5 லிட்டர் ஆவியாகிவிட்டது. அதை ஈடுகட்ட என்ன ஊற்ற வேண்டும்? உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா?

உப்புத் தண்ணீர் என்று சொன்னவர்கள் கை தூக்குங்கள்! உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. தொட்டியிலும் அப்படியே. போனது தண்ணீர் மட்டும்தான். ஆகவே, உப்பில்லாத சுத்தமான தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. இல்லாவிட்டால் உப்பு கூடிக்கொண்டே போய் மீன் வாடிவிடும்.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட தொட்டியில் பவளங்களையும் வளர்க்கிறார்கள். பவளம் என்றால் கல் என்று நினைக்காதீர்கள். கோடிக்கணக்கான குட்டி உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு அது. மீனைவிடப் பவளத்துக்கு வெயில் பயம் அதிகம். அதனால் ஃபேன் போதாமல், ஃப்ரிட்ஜ் போலவே வேலை செய்கிற ‘சில்லர்’ என்ற இயந்திரம் வைத்துத் தண்ணீரைக் குளிர்விக்கிறார்கள்.

நம் நாட்டில் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான பாதுகாப்புப் பெற்றது. அதைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். காய்ந்த துண்டுக்கும் இது பொருந்தும். யாராவது கடற்கரையில் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கடலுக்கு யார் விசிறுவது?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் தீவுகள் வரிசையாக இருக்கின்றன. 1986-இல் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன.

பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவைதான் சூரிய ஒளியில் சமைத்துப் பவளத்துக்குச் சாப்பாடு கொடுக்கின்றன, நிறமும் கொடுக்கின்றன. கடல் நீர், வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி அதிகமாகிச் சில வாரங்கள் அப்படியே நீடித்தால் போதும், பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். வெள்ளைவெளேர் என்று ஆகிவிடும். உடனே சாகாது, ஆனால் பட்டினி கிடக்கும். கடல் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் செத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2024-இல் லட்சத்தீவுகளில் வெளுத்தன.

ஒரே ஒரு டிகிரி, குழந்தைகளே! நம் தொட்டியில் ஒரு டிகிரி கூடினால் ஃபேனைத் திருப்பிவிடலாம். கடலுக்கு எந்த ஃபேனைத் திருப்புவது? நாம் எரிக்கிற நிலக்கரியாலும் பெட்ரோலாலும் பூமியில் கூடுகிற வெப்பத்தில், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. ஆளில்லாத அறையில் ஓடுகிற ஃபேனை அணைப்பதும், பக்கத்துக் கடைக்கு சைக்கிளில் போவதும்கூட நீங்கள் கடலுக்கு விசிறுகிற சின்ன விசிறிதான். தூத்துக்குடியில் ஆராய்ச்சியாளர்கள், சிதைந்த இடங்களில் பவளத் துண்டுகளைக் கடலுக்கடியில் சட்டங்களில் கட்டி மறுபடி வளர்க்கிறார்கள். அவர்களும் மெதுவாகத்தான் வேலை செய்கிறார்கள். உயிர்களோடு பழகுகிறவர்களுக்கு அவசரம் ஆகாது.

ஒரு சின்ன வேண்டுகோள்

இன்றைக்கே உங்கள் தொட்டியின் சூட்டை அளந்து நோட்டில் எழுதுங்கள். தொட்டி இல்லாதவர்கள், ஒரு மண்சட்டியிலும் ஒரு பிளாஸ்டிக் குவளையிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். சாயங்காலம் இரண்டிலும் விரலை விட்டுப் பாருங்கள். பானை சொன்ன பாடம் புரிந்துவிடும்.

இன்னொன்று. அன்றைக்கு என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவிக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். உங்களில் யாருடைய அம்மாவாகவும் அவர் இருக்கலாம். அம்மா ஐந்தாம் வகுப்பில் தங்கமீன் வளர்த்த கதையைச் சொன்னால், இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

“வெயில் இல்லையாம் அம்மா, ஐஸ்தானாம். நீங்க கேட்டதுதான் சரியாம். சார் மன்னிப்புக் கேட்டிருக்கார்” என்று சொல்லுங்கள்.

சொல்வீர்கள்தானே?